பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் ஆபீஸ் போகலாமா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

2016-இல் ஃபோர்டு மஸ்டாங் இந்தியாவுக்கு வந்தபோது அதன் ஷோரூம் விலை 65 லட்ச ரூபாய். கை மாற மாற காரின் விலை இறங்கிக்கொண்டே போகும். பிரேக் டிஸ்க்கும் டயரும் கியர்பாக்ஸும் மட்டும் 65 லட்ச ரூபாய் காருக்கு உரிய விலையிலேயே நிற்கும். யானையைக் கட்டித் தீனி போடும் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டில் இருக்கப்போவது இந்த ஒரே கார்தான், தினமும் இதில்தான் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கான விளக்கம் இது. ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் ஒரு சுற்று போய்வர மட்டும் என்றால் படி 1, 2 இரண்டையும் தாண்டிவிடலாம்.

படி 1: காரை விடுங்கள், வழியை அளங்கள்

பலரும் இன்ஜினைப் பார்ப்பதில் தொடங்குகிறார்கள். வாங்கிய முதல் வாரமே அடிபடுவது இன்ஜின் இல்லை, முன் பம்பரின் கீழ் உதடும் வண்டியின் அடிவயிறும்தான். அதனால் ஓர் அளவு டேப்பும் மொபைலில் சரிவு காட்டும் செயலியும் எடுத்துக்கொண்டு, தினமும் போகும் வழியை ஒருமுறை போய் அளந்து வாருங்கள்.

பேஸ்மென்ட் சரிவுப் பாதையில் ஒரு மீட்டர் நீளப் பலகையை வைத்து, அதன்மேல் மொபைலை வைத்தால் சரிவு டிகிரியில் தெரியும். 8 அடிக்கு 1 அடி ஏறும் சரிவு சுமார் 7 டிகிரி. 5 அடிக்கு 1 அடி என்றால் சுமார் 11 டிகிரி. இனி காரின் பக்கம். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பம்பர் உதடு 80 செ.மீ. முன்னே, தரையிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் இருந்தால் அது தாங்கும் சரிவு சுமார் 9 டிகிரி. முதல் சரிவில் தப்பிவிடும், இரண்டாவதில் உரசும்.

சரிவின் உச்சியில், ஏற்றம் முடிந்து சமதளம் தொடங்கும் இடத்தில், அடிவயிறு தட்டும். பிஎம்டபிள்யூ இசட்4, ஆடி டிடி, போர்ஷே பாக்ஸ்டர் எல்லாவற்றிலும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கிட்டத்தட்ட 2.5 மீட்டர். அடிவயிறு 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் 11 டிகிரி வரை தாங்கும். மஸ்டாங்கில் இந்த இடைவெளி 2.72 மீட்டர்; அதே 11 டிகிரிக்கு அதற்கு 13 செ.மீ.க்குச் சற்று மேல் உயரம் வேண்டும். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் உயரம் இன்னும் குறையும் என்பதால், காகிதத்தில் போடும் கணக்கிலிருந்து 2 செ.மீ. கழித்துவிடுங்கள்.

அடுத்தது ஸ்பீட் பிரேக்கர். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி கட்டியது 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட மெல்லிய வளைவு. 2.5 மீட்டர் இடைவெளியுள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். அதனால் சக்கரங்களுக்கு நடுவே மேடு எழும்புவது 5 செ.மீ.கூட இராது, எந்த ஸ்போர்ட்ஸ் காரும் கடந்துவிடும். தெருக்காரர்கள் ஒரு மூட்டை சிமென்டைக் கொட்டிப் போட்ட மேடுதான் ஆபத்து. ஒரு மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் நின்றால், முழு உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வந்துவிடும். வழியில் அப்படி எத்தனை மேடு என்று எண்ணுங்கள். சாலை அகலமாக இருந்தால் குறுக்குச் சாய்வாக ஏற்றி இறக்கலாம். பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கும் ஒற்றைத் தெருவில் அது நடக்காது.

பார்க்கிங் இடத்தையும் அளந்துவிடுங்கள். மஸ்டாங்கின் அகலம் கண்ணாடிகள் சேராமலே 1,916 மி.மீ. இரண்டு கதவு கார்களில் கதவு நீளமாக இருக்கும், 2.5 மீட்டர் இடத்தில் இருபுறமும் வண்டி நின்றால் இறங்குவதே ஒரு வித்தை.

படி 2: இரண்டு வார ஒத்திகை

இப்போது இருக்கும் காரையே இரண்டு சீட் கார் என்று நினைத்து 14 நாள் ஓட்டுங்கள். மூன்றாவது ஆள் ஏறிய நாள், அரிசி மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏற்றிய நாள், தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டியிருந்த நாள் என ஒவ்வொன்றையும் குறித்துவையுங்கள். நான்கு நாளுக்கு மேல் குறி விழுந்தால் அது உங்களுக்குத் தினசரிக் கார் ஆகாது. இரண்டாவது கார் ஒன்று வீட்டில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

படி 3: ஒரு வருடத் தீனி

மாதம் 1,000 கி.மீ., நகரத்தில் லிட்டருக்கு 7 கி.மீ., பிரீமியம் பெட்ரோல் 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 143 லிட்டர், சுமார் 15,700 ரூபாய். பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் 95 அல்லது 98 ஆக்டேன் என்று எழுதியிருக்கும். எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவை உங்கள் வழியிலுள்ள பங்க்கில் கிடைக்கின்றனவா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அதே மூடியில் எத்தனால் அளவு 10 சதவீதம் வரை என்று இருந்தால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றி அந்தப் பிராண்டின் சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

காப்பீட்டுக்கு, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வண்டி எண்ணைக் கொடுத்து விலைப்புள்ளி வாங்குங்கள். 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1,500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 7,897 ரூபாய், வரி தனி. செலவு கூடுவது சொந்தச் சேதக் காப்பீட்டில்தான். வயதான காருக்குத் தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' தருவார்களா, தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பாதுகாப்பு உண்டா என்ற இரண்டையும் கேளுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது.

டயர், சர்வீஸ், பிரேக் போக, பெயர் வைக்காத ஒரு செலவுக்கும் இடம் விடுங்கள். கையில் உள்ள பணத்தில் 75 சதவீதத்துக்கு மேல் காரின் விலைக்குப் போகக் கூடாது. மீதி 25 சதவீதம் முதல் வருடத்துக்கு. இந்தக் கணக்குக்கு ஒத்துவராத கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்கள் விலைக்கு மேற்பட்ட கார்தான்.

படி 4: எந்த மாடலுக்கு எங்கே வலி

போர்ஷே பாக்ஸ்டர், கேமன்: 2009 மாடலுக்கு முந்தைய இன்ஜின்களில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் (இன்ஜினுக்குள் சுழலும் ஓர் இடைத் தண்டைத் தாங்கும் பாகம்) உடைந்தால் இன்ஜினே போகும். அதே இன்ஜின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழும் பிரச்சினையும் உண்டு. ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2009 மாடலிலிருந்து வந்த இன்ஜினில் அந்த ஷாஃப்டே கிடையாது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருந்தால், கொடுத்துவிட்டுப் புதியதை எடுங்கள்.

பிஎம்டபிள்யூ இசட்4, இ89 தலைமுறையின் '35i' மாடல்: எரிபொருள் உயர் அழுத்தப் பம்பு, இன்ஜெக்டர், மின்சார வாட்டர் பம்பு மூன்றும் தெரிந்த பலவீனங்கள். வாட்டர் பம்பு முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் குறையுங்கள். மடங்கும் கூரையை இரண்டு முறை முழுதாகத் திறந்து மூடிப் பாருங்கள். ஒருமுறை சரியாக வேலை செய்து, சூடானதும் பாதியில் நிற்பது உண்டு.

ஆடி டிடி: 2012-க்கு முந்தைய 2.0 லிட்டர் டர்போவில் ஆயில் குடிப்பதும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் கவனிக்க வேண்டியவை. ஆறு கியர் எஸ்-ட்ரானிக்கில் (ஆடியின் டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும். 2015-க்குப் பிந்தைய டிடியில் நான்கு சக்கர இயக்கப் பம்பின் சல்லடை அடைத்துக்கொள்ளும். அப்போது கார் ஓடும், டாஷ்போர்டில் விளக்கு எரியாமலும் இருக்கலாம், பின் சக்கரம் மட்டும் இழுக்காது.

மஸ்டாங் 5.0 இவற்றோடு ஒப்பிட்டால் எளிமையான இயந்திரம். ஃபோர்டு 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால், பம்பர், ஹெட்லைட் போன்றவை வர எத்தனை வாரம் ஆகும் என்று வாங்கும் முன்பே கேட்டுவையுங்கள்.

படி 5: காரைப் பார்க்கும் நாள்

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தூக்கி இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். செயின் சத்தம், நீலப் புகை, வெள்ளைப் புகை எல்லாம் குளிர்ந்த ஸ்டார்ட்டின் முதல் முப்பது விநாடியில்தான் வெளிப்படும்.

ஒன்பது வருடத்தில் 18,000 கி.மீ. என்று பெருமையாகச் சொல்வார்கள். தினசரி ஓட்டத்துக்கு அது பெருமை இல்லை. நின்ற காரில் ரப்பர் சீல் காயும், பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், எலி வயரைக் கடிக்கும். ஒழுங்கான பில்களோடு 60,000 ஓடிய காரையே எடுக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டை எவ்வளவு இருந்தாலும் நான்கு டயர் செலவைக் கணக்கில் சேருங்கள். அலாய் வீலின் உட்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், பள்ளத்தில் வளைந்ததும் விரிசலும் அங்கேதான் தெரியும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்: 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் சென்னையில் எத்தனை பேஸ்மென்ட்டை நிரப்பின என்பது நினைவிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, கம்பளத்துக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்சில் ஈரம், ஹெட்லைட்டுக்குள் பனிமூட்டம் ஆகியவற்றையும் பாருங்கள். பாக்ஸ்டர் போன்ற திறந்த கூரைக் கார்களில் வெள்ளமே தேவையில்லை. கூரையின் வடிகால் துளையில் இலை அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியிலுள்ள கன்ட்ரோல் யூனிட்டை நனைத்துவிடும்.

அடுத்தது ஸ்கேன். காரின் கம்ப்யூட்டரில் செருகும் ஆயிரம் ரூபாய் ஓபிடி கருவி இன்ஜினின் பிழைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். கியர்பாக்ஸ், ஏர்பேக் பார்க்க பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஆடிக்கு விசிடிஎஸ், போர்ஷேவுக்கு பிவிஸ் என்ற ஸ்கேன் கருவி உள்ள மெக்கானிக் வேண்டும். சின்னக் கருவியிலும் ஒரு முக்கியமான தகவல் உண்டு: 'ரெடினஸ் மானிட்டர்', அதாவது காரின் கம்ப்யூட்டர் தன் சுயசோதனைகளை முடித்துவிட்டதா என்ற பட்டியல். பல மானிட்டர்கள் முடியாத நிலையில் இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன் யாரோ பிழைக் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். போர்ஷேயில் இன்ஜின் ஓடிய மணிக்கணக்கும் கிடைக்கும். கிலோமீட்டரை மணியால் வகுங்கள். 40,000 கி.மீ., 2,000 மணி என்றால் சராசரி 20 கி.மீ., நகரக் காருக்கு நம்பலாம். நகரத்திலேயே ஓடிய காருக்குச் சராசரி 8 என்று வந்தால் ஓடோமீட்டரைச் சந்தேகியுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

காலி ரோட்டில் ஐந்து நிமிடம் பறப்பதில் எதுவும் தெரியாது. மாலை ஆறு மணிக்கு, ஏசி போட்டு, நெரிசலில் 45 நிமிடம் ஊர்ந்து போங்கள். வெப்ப முள் நகர்கிறதா, ஏசி குளிர் குறைகிறதா, டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் ஊரும்போது உதறுகிறதா என்று பாருங்கள். பேஸ்மென்ட் சரிவில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். கிளட்ச் தேய்ந்திருந்தால் அங்கே நாற்றம் வரும்.

'ஸ்டேஜ் 1 ரீமேப்' (சக்தியைக் கூட்ட இன்ஜின் மென்பொருளை மாற்றியது), தாழ்த்திய ஸ்பிரிங், சத்தமான எக்ஸாஸ்ட் உள்ள காரைத் தினசரிக்கு எடுக்காதீர்கள். காப்பீட்டு கிளெய்மில் தகராறு வரும், தாழ்த்திய காரில் படி 1 கணக்கும் தவறிவிடும்.

படி 7: காகிதம்

ஆர்.சி.யிலுள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பதிவு நிற்கிறதா என்பது அரசின் எம்பரிவாஹன் செயலியில் தெரியும். கடன் இருந்தால், கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வங்கியின் கடிதமும் கைக்கு வந்த பிறகே முழுப்பணம்.

டெல்லி, புதுச்சேரி பதிவு வண்டிகள் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். படிவம் 28-இல் தடையில்லாச் சான்றும், மீண்டும் ஆயுள் வரியும் வேண்டும். அந்த வரித்தொகையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, காரின் விலையோடு கூட்டிப் பாருங்கள். பல நேரம் உள்ளூர் காரே மலிவாக முடியும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான் அவகாசம். அதைத் தவறவிட்டால் சொந்தச் சேதத்துக்குப் பணம் வராது.

வாங்கிவிட்டீர்கள் என்றால், முதல் மாதம்

பழைய பில் என்ன சொன்னாலும் இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், கூலன்ட், ஏசி ஃபில்டர் ஐந்தையும் மாற்றிவிடுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரைத் தூக்கி எறிய விடாதீர்கள். வெட்டி, மடிப்புகளை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு: செயின், ஷாஃப்ட், அல்லது பந்து பேரிங். ஒட்டாத வெள்ளித் துகள் பெரும்பாலும் பேரிங் ஷெல்லோ பிஸ்டனோ. எதுவாக இருந்தாலும் அன்றைக்கே காரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.