மேம்படுத்திய பின் லினக்ஸில் உள்நுழைய முடியாதபோது செய்யக் கூடாதவை

லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்திவிட்டு, மறுதொடக்கம் செய்ததும் உள்நுழைய முடியாமல் திகைத்து நிற்கும் புதியவர்கள், பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதை அண்மையில் அடிக்கடி பார்க்க நேர்கிறது. கேப்ஸ் லாக், விசைப்பலகை மொழி போன்றவற்றை எல்லோரும் தாமாகவே பார்த்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எந்தக் கட்டத்தில் தடைபடுகிறது என்று பாராமல் இருப்பது

கடவுச்சொல் தவறு என்று திரை சொல்வதும், கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு ஒரு கணம் கறுத்துவிட்டு மீண்டும் உள்நுழைவுத் திரைக்கே திரும்புவதும் இருவேறு கோளாறுகள். இரண்டாவதில் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி, எழுத்துத் திரையில் உள்நுழைந்து பாருங்கள். அங்கே நுழைய முடிந்தால் கணக்கு நன்றாக இருக்கிறது, வரைகலை அமர்வுதான் தொடங்க மறுக்கிறது.

எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுப்பது

இதைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. எக்ஸ்11 என்ற வரைகலை அமைப்பின் அமர்வு திரும்பத் திரும்ப உள்நுழைவுத் திரைக்கே வந்துகொண்டிருந்த ஓர் இரவில், அனுமதிச் சிக்கல்தான் என்று எங்கோ படித்ததை நம்பி, கோப்பு அனுமதிகளை மாற்றும் சிஎச்மோட் கட்டளையை, யாரும் படிக்கவும் எழுதவும் இயக்கவும் விடும் 777 என்ற எண்ணோடு, உட்கோப்புறைகள் அனைத்துக்கும் பொருந்தும்படி, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் கோப்புறையிலிருந்தே (/) ஓட்டினேன். அடுத்த நிமிடமே, நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோ வேலை செய்யவில்லை; ஏனெனில் சூடோ நிரலுக்கு ரூட் (நிர்வாகி) அதிகாரத்தைத் தரும் செட்யுஐடி பிட்டை அந்த 777 அழித்துவிடுகிறது. சூடோவைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலை வந்துவிட்டால், சூடோ அதையும் ஏற்காது. வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழையலாம் என்றால், பிறர் படிக்கும்படி திறந்து கிடக்கும் தனிச் சாவிகளை எஸ்எஸ்எச் சேவையகம் பயன்படுத்த மறுக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குத் தனித்தனியே இருந்த அனுமதிகள் ஒரே வரியில் அழிந்தன. அவற்றைப் பழையபடி மீட்க சிஎச்மோடில் வழி கிடையாது. தரவுகளை எடுத்துக்கொண்டு கணினியை முதலிலிருந்து நிறுவ வேண்டியதாயிற்று.

உண்மையான கோளாறு ஒரே ஒரு கோப்பில் இருந்தது. என் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும், எக்ஸ்11 அமர்வுக்கான அனுமதிச் சாவியை வைத்திருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் உரிமையாளராக என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருந்ததைப் பின்னர்தான் கவனித்தேன். எப்போதோ ஒரு வரைகலை நிரலை சூடோ வைத்துத் திறந்ததால் நேர்ந்தது அது. சிஎச்ஓன் கட்டளையால் அந்த ஒரு கோப்பை என் பெயருக்கு மாற்றியிருந்தாலோ, வேறு பெயரிட்டு ஒதுக்கி வைத்திருந்தாலோ போதும். அடுத்த உள்நுழைவில் அது புதிதாக உருவாகியிருக்கும். ஆகவே, உரிமையாளர் யார் என்று எல்எஸ் கட்டளையால் பார்க்காமல் எந்த அனுமதியையும் தொடாதீர்கள்.

வட்டில் இடம் இருக்கிறதா என்று பாராமல் விடுவது

வட்டு நிரம்பியிருந்தாலும் வரைகலை அமர்வு தொடங்காமல் போகலாம்; மீதி இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையை முதலில் ஓட்டுங்கள்.

பழைய பேம் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்வது

உள்நுழைபவரைச் சரிபார்க்கும் லினக்ஸ் பகுதிதான் பேம். மேம்படுத்தும்போது, நீங்கள் கையால் திருத்திய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதை நிறுவவா என்று கேட்கப்படும்; யோசிக்காமல் பழையதை வைத்துக்கொள்வோர் பலர். 2021இல் வந்த டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பில், பேமின் பேம்டேலி2 தொகுதி நீக்கப்பட்டது. தவறான முயற்சிகளை எண்ணிக் கணக்கைப் பூட்ட, அந்தத் தொகுதியைக் கட்டாயமாக அழைக்கும் வரி பேமின் காமன்அத் கோப்பில் எஞ்சியிருந்தால், சரியான கடவுச்சொல்லும் நிராகரிக்கப்படும். அந்த வரியை எடுத்துவிட்டு பேம்ஃபெய்ல்லாக் தொகுதிக்கு மாறுங்கள். எந்தத் தொகுதியைத் திறக்க முடியவில்லை என்பதை ஜர்னல்சிடிஎல் காட்டும் பதிவுகள் பெயரோடு சொல்லிவிடும். பதிவைப் படிக்காமல் ஊகத்தில் திருத்துவதற்கு எந்த அவசியமும் இல்லை.

திறந்திருக்கும் ரூட் அமர்வை மூடுவது

பேம் கோப்பைத் திருத்திய பின், வேறொரு முனையத்தில் உள்நுழைந்து பார்க்கும் வரை, திருத்தப் பயன்படுத்திய ரூட் அமர்வை மூடாதீர்கள்.