பிளாக் சோல்ஜர் ஈ வளர்ப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோழிக்கும் மீனுக்கும் புரதத் தீவனமாகும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு எதையும் தின்னும் என்பதை நம்பி, கிடைத்த கழிவையெல்லாம் தொட்டியில் கொட்டுவதே இவ்வளர்ப்பில் நேரும் முதல் தவறு. பெரிய தவறும் அதுவே. தின்று தீராத இரை அடியில் காற்றின்றிப் புளித்துச் சூடேறுவதால் துர்நாற்றம் எழுகிறது, வீட்டு ஈ மொய்க்கிறது, புழுக்கள் தொட்டிச் சுவரேறித் தப்பப் பார்க்கின்றன. சுவிட்சர்லாந்தின் ஏவாக் ஆய்வு நிறுவனம் இந்தோனேசிய அனுபவத்தைக் கொண்டு வெளியிட்ட வழிகாட்டி, ஐந்து நாள் வயதுடைய 10,000 புழுக்களுக்கு 12 நாட்களில் மொத்தம் 15 கிலோ கழிவையே பரிந்துரைக்கிறது. இந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டி வாங்குவதில் பயனில்லை. இரையின் உயரமும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

ஈரத்தில் பிழை செய்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை. இரையைக் கையில் அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் சில சொட்டுகளே கசிய வேண்டும். தர்பூசணித் தோல், அழுகிய தக்காளி போன்றவற்றைத் தவிடு கலக்காமல் இடுவதால் தொட்டி சேறாகிவிடும். அன்று பொரித்த குஞ்சுப் புழுக்களை நேரே சமையல் கழிவில் விடுவதும் கூடாது. முதல் ஐந்து நாட்களுக்கு ஈரமாக்கிய கோழித் தீவனத்தில் வளர்த்த பிறகே அவற்றைக் கழிவுக்கு மாற்ற வேண்டும்.

புழு நன்றாக வளர்ந்தும் முட்டை கிடைக்கவில்லையென வருந்துவோர், பெரும்பாலும் வலைக்கூண்டை இருட்டுக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். வெயில் வெளிச்சம் இல்லாமல் இந்த ஈக்கள் சரிவர இணைசேருவதில்லை. பெண் ஈ இரையின் மேல் முட்டையிடாது. வாடை வரும் இடத்துக்கு அருகிலுள்ள உலர்ந்த இடுக்கையே தேடும் என்பதால், மரச்சட்டங்களைச் சிறு இடைவெளியுடன் அடுக்கி, ஈரம் படாமல் இரைக்கு மேலே வைக்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது தீவனத்தின் தூய்மையைப் பற்றிய அலட்சியத்தையே. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் மீன் தீவனத்துக்கும் 2021இல் கோழி, பன்றித் தீவனத்துக்கும் பூச்சிப் புரதத்தை அனுமதித்தபோதும், அப்பூச்சிகளுக்குச் சாணத்தையோ உணவகக் கழிவையோ இரையாக இடுவதைத் தடுத்தே வைத்திருக்கிறது. காட்மியம் போன்ற உலோகம் கழிவில் இருந்தால் அது புழுவின் உடலிலும் சேர்கிறது. உலர்த்துவதால் அது போகாது. ஆகவே சாக்கடை வண்டலையும் ஆலைக் கழிவையும் தொட்டிக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

புழுவில் கொழுப்பு மிகுதி என்பதால், அரைகுறையாகக் காயவைத்து மூட்டை கட்டினால் சிக்கு வாடை வந்துவிடும். வெந்நீரில் முக்கியெடுத்து முழுமையாக உலர்த்திய பின்பே சேமிக்க வேண்டும்.