மாலத்தீவுக்கு ஜோடியாகப் போகிறீர்களா? வில்லாவைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து நானும் என் வீட்டுக்காரரும் முதல்முறை மாலத்தீவுக்குப் போனபோது, முதல் ராத்திரி தூங்கியது நாங்கள் காசு கட்டிய வாட்டர் வில்லாவில் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில், கதவைத் திறந்தால் கட்டில் இடிக்கிற ஒரு சின்ன ஹோட்டல் அறையில். மலிவாகக் கிடைத்தது என்று நான்தான் சாயங்காலம் 4:40க்கு இறங்குகிற விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு ரிசார்ட் கவுண்டருக்குப் போனால், அங்கிருந்த பெண் ரொம்பத் தன்மையாக, "சீப்ளேன் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும் மேடம், இனிமேல் காலையில்தான்" என்றார். ரிசார்ட் தீவுக்குக் கொண்டுபோகிற, தண்ணீரில் இறங்கும் குட்டி விமானம்தான் சீப்ளேன். அன்றைக்கு ராத்திரி அந்த அறையில் படுத்துக்கொண்டு இவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மா, நாம காசு குடுத்த தண்ணி மேல இருக்கற வீடு இப்ப காலியாத்தானே கெடக்கும்?"

அதற்கப்புறம் இரண்டு தடவை போய்வந்துவிட்டோம். முதல் தடவை போகிறவர்கள் எந்த வரிசையில் திட்டம் போட வேண்டும் என்று கேட்டால், எல்லோரும் செய்வதைத் தலைகீழாகச் செய்யுங்கள் என்பேன். எல்லோரும் அழகான போட்டோவைப் பார்த்து ரிசார்ட்டைப் பிடித்துவிட்டு அப்புறம் போக்குவரத்தைப் பார்க்கிறார்கள். நீங்கள் போக்குவரத்தில் ஆரம்பியுங்கள்.

படி 1: எப்படிப் போய்ச் சேர்வது என்று முடிவு செய்யுங்கள்

மாலத்தீவு என்பது ஏறக்குறைய 1,190 குட்டித் தீவுகள், வடக்கே தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. நீங்கள் வந்திறங்குகிற வேலானா விமான நிலையமே ஒரு தனித் தீவு. வாசலைத் தாண்டினால் ஆட்டோ நிற்கிற இடத்தில் படகு நிற்கும். பெரும்பாலான ரிசார்ட்டுகள் "ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்" என்ற கணக்கில் இருப்பதால், அங்கே போய்ச்சேர மூன்று வழிதான்: ஸ்பீட்போட், சீப்ளேன், இல்லையென்றால் உள்நாட்டு விமானத்தில் போய் அங்கிருந்து படகு.

ஸ்பீட்போட் ராத்திரியிலும் ஓடும். தலைநகர் மாலேயைச் சுற்றியுள்ள தீவுகளுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். உங்கள் விமானம் மதியம் மூன்று மணிக்கு மேல் இறங்குகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீட்போட் தூரத்தில் உள்ள ரிசார்ட்டை மட்டும் தேடுங்கள். சீப்ளேனில்தான் போக வேண்டும் என்று ஆசையென்றால் மதியத்துக்குள் இறங்குகிற விமானமாகப் பிடியுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து பறக்கிற நேரம் ஒன்றரை மணிக்குள்தான், ஆனால் எல்லா நாளும் வசதியான நேரத்துக்குச் சேவை இருக்காது. கொழும்பு வழியாகவோ பெங்களூரு வழியாகவோ வருகிறவர்கள் இணைப்பு விமானம் தாமதமானால் என்ன ஆகும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சீப்ளேன் அனுபவத்தைக் குறை சொல்ல மாட்டேன். ட்வின் ஆட்டர் என்கிற சின்ன விமானம், பதினைந்து பேர் உட்காரலாம், சீட் நம்பர் கிடையாது, பைலட் அரைக்கால் சட்டையோடு வெறுங்காலில் ஏறி உட்காருவார். சத்தம் காதைப் பிளக்கும். ஆனால் மேலேயிருந்து பார்க்கும்போது கடலுக்குள் யாரோ பச்சை வளையல்களைக் கொட்டிவைத்த மாதிரி இருக்கும். அந்தப் பவளத் தீவு வளையங்களுக்கு உலகம் முழுக்கச் சொல்கிற "அட்டோல்" என்ற சொல்லே மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். அங்கே படகுக்குப் பெயர் "தோனி". நம் தோணியேதான்.

விலை? ஒரு ஆளுக்குப் போய்வர 400லிருந்து 600 டாலர் வரை ஆகும். அறை வாடகையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. இது அடுத்த படிக்குக் கொண்டுபோகிறது.

படி 2: நிஜ விலையைக் கூட்டிப் பாருங்கள்

ஒரு பேப்பரை எடுங்கள். பல ரிசார்ட் விலைகளுக்குப் பக்கத்தில் "++" என்று இரண்டு கூட்டல் குறி சின்னதாக இருக்கும். அதுதான் முழு விஷயமும். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 27 என்று நினைப்பீர்கள். இல்லை, சர்வீஸ் சார்ஜ் சேர்த்த தொகையின் மேல்தான் வரி போடுவார்கள், அதனால் 28.7 சதவீதம். இதற்கு மேல் பசுமை வரி என்று தனியாக ஒன்று: ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சின்ன விருந்தினர் இல்லங்களில் 6 டாலர்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ராத்திரிக்கு 350 டாலர் ++ என்று ஒரு வில்லா, நான்கு ராத்திரி. "சரி, 1,400 டாலர்" என்று மனசு சொல்லும். வரியும் சர்வீஸும் சேர்ந்ததும் அது 1,802 ஆகிவிடும். பசுமை வரி இரண்டு பேருக்கு நான்கு நாள், 96. சீப்ளேன் ஆளுக்கு 500 என்று வைத்தால் 1,000. ஆக 2,898. இன்னும் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை, அதற்குள் மனசு போட்ட கணக்கைப் போல இரண்டு மடங்கு வந்துவிட்டது. இதே அறை ஸ்பீட்போட் தூரத்தில் இருந்தால் போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் பாதிக்கும் கீழே இறங்கும்.

எந்தத் தளத்தில் பதிவு செய்தாலும், கடைசித் தொகையில் வரி, பசுமை வரி, டிரான்ஸ்ஃபர் (தீவுக்குப் போய்வரும் கட்டணம்) மூன்றும் உண்டா என்று ரிசார்ட்டுக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். தேனிலவுக்குப் போகிறவர்கள் அதே மின்னஞ்சலில் சலுகை உண்டா என்றும் கேட்கலாம். பல இடங்களில் கல்யாணமாகி ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகாதவர்களுக்குக் கேக், ஒரு வேளை விசேஷ சாப்பாடு, சில சமயம் தள்ளுபடியும் கிடைக்கும், திருமணச் சான்றிதழைக் காட்டச் சொல்வார்கள். பதினொரு வருஷம் ஆனவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

படி 3: சாப்பாட்டுத் திட்டம்

இதில்தான் நிறையப் பேர் மிச்சம் பிடிக்கப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள். ரிசார்ட் தீவில் பக்கத்துத் தெரு மெஸ் கிடையாது. மீனும் தேங்காயும் தவிர ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வருகிறது, குடிதண்ணீரைக் கடல்நீரிலிருந்து எடுக்கிறார்கள், அந்தச் செலவெல்லாம் மெனு கார்டில் தெரியும். காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்துப் போனால் மத்தியானம் ஒரு சாண்ட்விச்சுக்குக் கொடுக்கிற காசில் ஊரில் குடும்பமே சாப்பிடலாம்.

குடிக்கிற பழக்கம் இல்லாத ஜோடிக்கு அரைநாள் திட்டம், அதாவது காலையும் ராத்திரியும் சேர்த்தது, போதும். காலை பஃபேயை ஒன்பதரை மணிக்குப் போய் நிதானமாக முடித்தால் மத்தியானம் பசிக்காது, நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம். ஆனால் அந்தத் திட்டத்தில் ராத்திரிச் சாப்பாட்டோடு குடிக்கிற தண்ணீருக்கே தனி பில் போடுகிற இடங்கள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பானமாவது குடிப்போம் என்றால் சாப்பாடும் பானமும் எல்லாம் சேர்ந்த ஆல் இன்க்ளூசிவ் எடுப்பதுதான் கணக்குக்குச் சரி.

காலையில் மஸ் ஹுனி இருந்தால் விடாதீர்கள். சூரை மீனை உதிர்த்து, துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். முதல் வாய் வைத்ததும் இவர் சொன்னது, "இது நம்ம பாட்டி வீட்டு மாசிச் சம்பல் மாதிரி இல்ல?" தப்பில்லை. நம் தென்கரையிலும் இலங்கையிலும் மாசி என்று சொல்கிற கருவாடு இந்தத் தீவுகளின் பழைய ஏற்றுமதிச் சரக்கு. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" இந்தத் தீவுகள்தான் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்வதையும் அந்தச் சாப்பாட்டு மேசையில் இவருக்குச் சொன்னேன். இன்னொரு ரொட்டி வாங்கிவரப் போய்விட்டார்.

படி 4: வில்லாவை வானத்திலிருந்து பாருங்கள்

இப்போதுதான் போட்டோ பார்க்கிற நேரம். ஆனால் ரிசார்ட் போடுகிற போட்டோ இல்லை, கூகுள் மேப்ஸில் செயற்கைக்கோள் படம். தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். மணற்கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே வெளிர் நிறம் முடிந்து சட்டென்று கருநீலம் ஆரம்பித்தால், அங்கே பவளப்பாறை விளிம்பு கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே படகே வேண்டாம், நீந்திப் போய் மீன் பார்க்கலாம். தீவைச் சுற்றி வெகுதூரத்துக்கு ஒரே வெளிர்பச்சையாக இருந்தால் அது ஆழமில்லாத மணல் தரை. போட்டோவுக்கு அழகு, தண்ணீருக்குள் முகத்தை வைத்தால் மணல்தான்.

எங்கள் முதல் ரிசார்ட் இரண்டாவது ரகம். வாட்டர் வில்லாவின் படிக்கட்டில் இறங்கினால் முழங்கால் தண்ணீர், இரண்டு சாம்பல் நிற மீன். மூன்றாவது தடவை போன இடத்தில் கடற்கரை வில்லாதான் எடுத்தோம், விலையும் குறைவு. கரையிலிருந்து முப்பது நாற்பது அடி நீந்தியதும் காலுக்குக் கீழே தரை காணாமல் போனது. விளிம்பில் ஒரு ஆமை எங்களைக் கண்டுகொள்ளாமல் பாசியைக் கடித்துக்கொண்டிருந்தது. கடிக்கிற சத்தம் தண்ணீருக்குள் கேட்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. இவர் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

வாட்டர் வில்லா ஆசையும் தீர வேண்டும் என்றால் கடற்கரை வில்லாவில் மூன்று, கடைசியாக வாட்டர் வில்லாவில் ஒன்று என்று ராத்திரிகளைப் பிரித்துக் கேளுங்கள், நிறைய இடங்களில் ஒத்துக்கொள்வார்கள்.

படி 5: எந்த மாசம்

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று, கடல் அமைதி, வானம் தெளிவு, விலை உச்சம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விருந்துக்கென்று கட்டாயக் கட்டணம் வேறு போடுவார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. மழை பெய்யும், நின்றுவிடும், சில நாள் கடல் கொந்தளிக்கும், விலை நன்றாக இறங்கும். திருக்கை பார்க்க ஆசையென்றால் இந்த மழைக்காலம்தான் சரி: ஜூன் முதல் நவம்பர் வரை பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவுக்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். எனக்குப் படகில் தலைசுற்றும் என்பதால் பிப்ரவரிக்குத்தான் ஓட்டு.

படி 6: பட்ஜெட் இடித்தால் ஊர்த் தீவு

2009க்கு அப்புறம் மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி வந்தது. மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா, உகுலஸ் இதெல்லாம் அப்படி வளர்ந்தவை. அறை, சாப்பாடு, படகு எல்லாமே ரிசார்ட்டோடு ஒப்பிட்டால் சின்ன விலை. திகுரா பக்கம் வருஷம் முழுக்கத் திமிங்கலச் சுறா பார்க்கப் படகு போகும். ஆனால் இவை முஸ்லிம் ஊர்கள். மது கிடையாது, நீச்சல் உடையெல்லாம் "பிகினி பீச்" என்று ஒதுக்கிய கரையில் மட்டும், தெருவில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். ரமலானில் பகலில் பெரும்பாலான சாப்பாட்டுக் கடைகள் அடைத்திருக்கும். வெள்ளிக்கிழமை அரசுப் படகுகளை நம்பாதீர்கள்.

என் சிபாரிசு: மூன்று ராத்திரி ஊர்த் தீவு, இரண்டு ராத்திரி ரிசார்ட். முதலில் ரிசார்ட்டுக்குப் போய்விட்டு அப்புறம் ஊர்த் தீவுக்கு வந்தால் மனசு ஒட்டாது, அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

படி 7: பேப்பர் வேலை, பெட்டி

விசா பெரும்பாலான நாட்டினருக்கு இறங்கியதும் 30 நாளுக்கு இலவசம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் கையில் இருக்கட்டும். விமானம் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்கிற அரசுத் தளத்தில் பயண விவரத்தை நிரப்ப வேண்டும், இருவரும் தனித்தனியாக. திரும்பும்போதும் இன்னொரு தடவை. இது இலவசம். காசு கேட்கிற தளம் போலி, மூடிவிடுங்கள்.

விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டியை ஸ்கேன் செய்வார்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில், பன்றி இறைச்சி, வேப் என்கிற மின் சிகரெட் எதுவும் உள்ளே போகாது. வழிபாட்டுச் சிலைகளும் கூடாது, அதனால் அம்மா கொடுத்தனுப்புகிற குட்டிப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சீப்ளேனில் 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்தான். கூடுதல் எடைக்குக் காசு. சொந்தமாக, தண்ணீருக்குள் முகத்தை வைத்து மீன் பார்க்க ஸ்நார்கல் முகமூடி, வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை, டாலரில் கிழியாத புது நோட்டு கொஞ்சம் இருந்தால் போதும்.

படி 8: திரும்பி வரும் நாள்

மறுபடியும் கடிகாரம். நிறைய ரிசார்ட்டுகள் சூரியனை அனுபவிக்கட்டும் என்று மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் கடிகாரத்தை ஓட்டும். போனில் ஒரு நேரம், அறையில் ஒரு நேரம். சீப்ளேன் கிளம்பும் நேரத்தை முந்தின நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள், அது மாலே நேரமா ரிசார்ட் நேரமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி விமானம் என்றால் சாயங்காலத்துக்குள் உங்களை விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள், ஐந்தாறு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் 2018இல் திறந்த பாலம் வழியாக டாக்ஸியில் மாலே போய், மீன் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

சிப்பி, பவளத்துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம். மாசி தாராளமாக வாங்கலாம். ஆனால் மூன்று கவர் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். நான் ஒரே கவரோடு விட்டேன், இவருடைய ஆபீஸ் சட்டைகள் நாலு தடவை துவைத்தும் இன்னும் மாலத்தீவுக்குப் போய்வந்ததை மறக்கவில்லை.