பழைய அக்சஸ் கோப்பில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ உங்கள் கோயில் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு இன்னும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய எம்டிபி (.mdb) கோப்பாக இருந்தால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். அதில் ஒவ்வொருவரின் 13 இலக்க தேசிய அடையாள எண்ணும் இருக்கும். அதன் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. தனிநபர் தகவல்களைக் காக்கும் பொப்பியா (POPIA) சட்டத்தின் 19ஆம் பிரிவு இத்தகைய விவரங்களைக் காக்கச் சொல்கிறது.

அக்சஸ் 2007 முதல் வந்த ஏசிசிடிபி (.accdb) கோப்பில் ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கும் வசதி கிடையாது. எம்டிபியை அதற்கு மாற்றினால் வைத்த பூட்டெல்லாம் போய்விடும்.

1. கோப்பைப் பொதுப் பயன்பாட்டு முறையில் திறங்கள். ஒருவர் மட்டும் திறக்கும் எக்ஸ்க்ளூசிவ் முறையில் திறந்தால், படிப்படியாகக் கேட்டுப் பூட்டுப் போடும் விசார்ட் ஓடாது. ஃபைல், இன்ஃபோ போய் யூசர்ஸ் அண்ட் பெர்மிஷன்ஸின் கீழ் யூசர் லெவல் செக்யூரிட்டி விசார்டை எடுங்கள்.

2. புதிய வொர்க்குரூப் கோப்பு கேளுங்கள். பயனர்கள், குழுக்கள், கடவுச்சொற்கள் இருக்கும் எம்டிடபிள்யூ (.mdw) கோப்பு இதுதான். பெயர், நிறுவனம், வொர்க்குரூப் எண் மூன்றையும் எழுத்துப் பிசகாமல் தாளில் எழுதுங்கள். எம்டிடபிள்யூ கோப்பு தொலைந்தால் அந்தத் தாளை வைத்துத்தான் மறுபடி உருவாக்க முடியும். 'இதையே எப்போதும் பயன்படுத்து' என்பதை விட்டு ஷார்ட்கட் உருவாக்குவதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அந்தக் கணினியில் எந்த அக்சஸ் கோப்பைத் திறந்தாலும் கடவுச்சொல் கேட்கும்.

3. குழுக்கள். காசாளருக்கு ஃபுல் டேட்டா யூசர்ஸ். காவடி நாளில் ரசீது போடுபவருக்கு நியூ டேட்டா யூசர்ஸ் போதும்: பார்க்கலாம், சேர்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ முடியாது.

4. யூசர்ஸ் குழுவுக்கு எந்த அனுமதியும் கொடுக்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். உலகிலுள்ள எல்லா வொர்க்குரூப் கோப்பிலும் அட்மின் என்ற பயனரும் யூசர்ஸ் என்ற குழுவும் ஒரே அடையாளத்தோடு இருக்கின்றன. அக்சஸ் கடவுச்சொல் கேட்காதபோதெல்லாம் நீங்கள் அட்மினாகத்தான் உள்ளே போகிறீர்கள். அதனால் அட்மினுக்குக் கடவுச்சொல் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், வேறு கணினியில் அக்சஸோடு வரும் சாதாரண சிஸ்டம் எம்டிடபிள்யூவோடு யாரும் கோப்பைத் திறந்துவிடுவார்கள். அட்மின் எதற்கும் உரிமையாளராகவும் இருக்கக்கூடாது. உரிமையாளருக்குப் பறித்த அனுமதியைத் தானே திரும்பக் கொடுத்துக்கொள்ளும் வழி உண்டு. விசார்ட் உரிமையைப் புதிய நிர்வாகிக்கு மாற்றும், அட்மினை அட்மின்ஸ் என்ற நிர்வாகிகள் குழுவிலிருந்து எடுத்துவிடும். கையால் செய்பவர்கள் மறப்பது இதைத்தான். ஆகவே விசார்டே மேல்.

5. பயனர்களைச் சேருங்கள். கடவுச்சொல் 14 எழுத்துக்கு மேல் போகாது. ஆளுக்கு ஒரு பிஐடி (PID) என்ற அடையாளக் குறியீடு, 4 முதல் 20 எழுத்து, பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்கும். அதுவும் அதே தாளில் ஏறட்டும்.

6. சோதனை. ஷார்ட்கட்டை விட்டுவிட்டு எம்டிபி மேல் நேராக இரட்டைச் சொடுக்கு. அனுமதி இல்லை என்று வந்தால் வேலை முடிந்தது. திறந்தால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

விசார்ட் முடிவில் பிஏகே நீட்சியோடு ஒரு நகல் வைக்கும். அதில் பூட்டே இல்லை! பகிர்ந்த ஃபோல்டரில் விடாமல் பென்டிரைவில் எடுத்து அலமாரியில் பூட்டுங்கள்.

பின்சேர்க்கை: ஒருவர் திறந்தபின் மற்றவரால் எழுத முடியவில்லை என்றால் ஃபோல்டர் அனுமதியைப் பாருங்கள். எல்டிபி என்ற சிறு பூட்டுக் கோப்பை உருவாக்கவும் அழிக்கவும் எல்லோருக்கும் உரிமை வேண்டும். மின்வெட்டில் கணினி அணைந்தால் அந்த எல்டிபி அப்படியே தங்கிவிடும். எல்லோரும் வெளியேறியபின் அழித்துவிட்டு, காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள்.

இன்னொன்று: இந்தப் பூட்டை உடைக்கும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. இது உள்ளே வேலை செய்பவர்களை வரம்புக்குள் வைக்கும், திருடனைத் தடுக்காது. மடிக்கணினி வெளியே போகும் என்றால் வட்டையே விண்டோஸின் பிட்லாக்கரால் மறையாக்குங்கள்.