குளோன் செய்யும்போது மொத்த வரலாறும் வேண்டாம்

ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை டெவலப்மென்ட் மூலநிரலிலிருந்து பில்ட் செய்யப் போகிறீர்களா? மூலநிரலை உங்கள் கணினிக்கு இறக்கும் 'கிட் குளோன்' கட்டளையில் இரண்டு ஹைஃபன் போட்டு 'டெப்த் 1' சேருங்கள் (git clone --depth 1). வெறும் குளோன், முதல் நாளிலிருந்து நடந்த எல்லா மாற்றங்களையும் இறக்கும். நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும் கம்பைலருக்குக் கடைசி நிலை மட்டும் போதும். லினக்ஸ் கெர்னல் போன்றவற்றில் பல ஜிபி சில நூறு எம்பியாகச் சுருங்கும். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம்: குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, மறுபடி முதலிலிருந்துதான். சின்னதாக இருந்தால் கரண்ட் போவதற்குள் முடிந்துவிடும்!

இப்படிச் செய்தால் டீஃபால்ட் பிராஞ்ச் (நிரலின் முதன்மைக் கிளை) மட்டுமே வரும். வேறு வேண்டுமென்றால் 'பிராஞ்ச்' ஆப்ஷனில் பெயரைக் கொடுங்கள். சப்மாட்யூல்கள் (உள்ளே இணைத்திருக்கும் வேறு புராஜெக்ட்கள்) இருந்து, அவற்றையும் சேர்த்து குளோன் செய்தால் 'ஷேலோ சப்மாட்யூல்ஸ்' ஆப்ஷனும் தேவை. இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த டேட்டா அங்கே போய்விடும்.

எந்த கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) பக் நுழைந்தது என்று பழைய மாற்றங்களைச் சோதிக்கும் 'பைசெக்ட்' வைத்துத் தேடுபவர்களுக்கு இது உதவாது. வரலாற்றில் வெளியீடுகளைக் குறிக்கும் டேக்கைப் பார்த்து வெர்ஷன் எண் போடும் புராஜெக்ட்களிலும் சிக்கல்தான்: எண் தப்பாக வரும், சிலவற்றில் பில்டே நின்றுவிடும். அப்போது 'கிட் ஃபெட்ச்' கட்டளையில் 'அன்ஷேலோ' ஆப்ஷன் கொடுத்தால் மீதி வரலாறும் வந்துவிடும்.