சுவரொட்டி ஒட்டியாச்சு, சோப்பு எங்கே?

ஒரு பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக்கு வெளியே பளிச்சென்று ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன்: "கை கழுவுவோம், நோய் தவிர்ப்போம்." கீழே குழாய் இருந்தது, தண்ணீரும் வந்தது. சோப்புதான் இல்லை. கேட்டதற்கு, "வெளியே வைத்தால் ஒரே நாளில் காணாமல் போய்விடுகிறது" என்று ஆசிரியர் அறை அலமாரியைக் காட்டினார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை அந்த அறைக் கதவைத் தட்டி சோப்பு கேட்குமா? அதே பிள்ளையிடம் ஏன் கை கழுவ வேண்டும் என்று கேளுங்கள். கிருமி, வயிற்றுப்போக்கு, இருபது விநாடி என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கும்.

பழக்கத்தை மாற்றப் புறப்படுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தெரியாததால்தான் செய்யவில்லை என்று முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். தெரிந்தும் செய்யாததற்குக் காரணங்கள் எத்தனையோ: வசதி இல்லை, நேரம் இல்லை, கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள் என்ற கூச்சம். சில சமயம் அந்தப் பழக்கத்துக்கு ஊரில் வேறொரு அர்த்தமே இருக்கும். பெரு நாட்டில் லாஸ் மோலினோஸ் என்ற கிராமத்தில், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி ஒரு சுகாதாரப் பணியாளர் 2 ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஏறத்தாழ 200 குடும்பங்களில் அவர் பேச்சைக் கேட்டு மாறியவை 11. அந்த ஊர் வழக்கப்படி கொதித்த தண்ணீர் நோயாளிகளுக்கு உரியது. நன்றாக இருப்பவர் அதைக் குடித்தால் ஊரார் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கிருமியைப் பற்றி எவ்வளவு விளக்கினாலும் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

அதனால் சுவரொட்டிக்கு வாசகம் யோசிக்கும் முன் நாலு நாள் சும்மா நின்று பாருங்கள். யார் செய்கிறார்கள், யார் செய்யவில்லை, எந்த இடத்தில் சிக்குகிறது? சிக்கல் அலமாரிப் பூட்டில் இருந்தால் வாசகம் எழுதி என்ன பயன்?

அடுத்தது, எனக்கே பழகிப்போன தவறு: புலம்பல். "பாதிப் பேர் குப்பையைக் கீழேதான் போடுகிறார்கள், வெட்கமாக இல்லையா?" என்று காலைக் கூட்டத்தில் சொல்கிறோம். சொல்பவருக்கு அது கண்டிப்பு. கேட்கிற பையனுக்கோ, 'ஓ, பாதிப் பேர் போடுகிறார்களா, நான் மட்டும் ஏன் தொட்டியைத் தேட வேண்டும்' என்ற தகவல். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில், ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். முன்பு வந்தவர்கள் பலர் துண்டுகளை எடுத்துச் சென்றதாக வருத்தப்பட்ட பலகை இருந்தபோது, குறியிட்டு வைத்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்ட பலகை இருந்தபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. சரி, அதற்காக எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று பொய் சொல்லவும் வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பயமுறுத்தல் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 1965-இல் வெளியான ஒரு ஆய்வில், யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய எச்சரிக்கைப் பிரசுரங்களைக் கொடுத்தார்கள். படித்தவர்கள் ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்றே நினைத்தார்கள். ஆனால் உண்மையில் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம்தான். ஊசி போடும் இடத்தின் வரைபடத்தையும் கொடுத்து, எப்போது, எந்த வழியாகப் போகலாம் என்று திட்டமிடச் சொன்ன குழுவில் அது 28 சதவீதமானது. பயத்தின் அளவைக் கூட்டியதால் ஊசி போட்டவர்கள் கூடவில்லை. அதே நேரம், எச்சரிக்கையே இல்லாமல் வரைபடத்தை மட்டும் நீட்டியதும் எடுபடவில்லை. கொஞ்சம் உறைக்க வேண்டும், உடனே வழியும் தெரிய வேண்டும். எல்லை மீறினால் எதிர்விளைவுகூட வரும். பதின்ம வயதினரைச் சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டங்களை அலசிய ஆய்வுகளில், அவர்கள் பின்னர் குற்றத்தில் இறங்குவது கூடியதுதான் தெரியவந்தது.

சின்னத் தவறுகளும் உண்டு. ஒரே பதாகையில் ஒன்பது அறிவுரைகளைத் திணிப்பது. கைப்பேசியைத் தடவிக்கொண்டே கைப்பேசி கெடுதல் என்று வகுப்பெடுப்பது. "வீட்டில் போய் அப்பாவைத் திருத்து" என்று பிள்ளையை அனுப்பிவைப்பது. அப்பா திருந்துகிறாரோ இல்லையோ, பிள்ளைக்குத் திட்டு நிச்சயம்.

அப்புறம், அளப்பதில் நடக்கும் கோளாறு. இத்தனை கூட்டம், இத்தனை துண்டறிக்கை என்று அறிக்கை எழுதிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். கை கழுவுகிறீர்களா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? ஆந்திர கிராமங்களில் நடந்த 'சூப்பர் அம்மா' பிரசாரத்தில் ஆய்வாளர்கள் வீடுகளில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தே கணக்கெடுத்தார்கள். நோய்ப் பேச்சை ஓரங்கட்டி, பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கும் தாயின் பெருமையையும் அழுக்கின் அருவருப்பையும் முன்வைத்த பிரசாரம் அது. கை கழுவ வேண்டிய தருணங்களில் சோப்பு போட்டுக் கழுவியது ஆறு மாதம் கழித்து 37 சதவீதம். பிரசாரம் போகாத கிராமங்களில் 6 சதவீதம். 2014-இல் முடிவு வெளியானது.

பள்ளிக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிடுங்கள். திங்கட்கிழமை எடை போட்டு, வெள்ளிக்கிழமை மறுபடி எடை போடுங்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த சுவரொட்டியைப் பற்றிப் பேசலாம்.