குற்றத் தடுப்புக்குப் போட்ட பணம் திரும்புமா? கணக்குப் போடும் முறை

முதலில் ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘குற்றங்கள் குறையும்’ என்பதைக் கணக்கில் பிடிக்க முடியாது. ‘வீடு புகுந்து திருடுவது குறையும்’ என்பதைப் பிடிக்கலாம்.

அடுத்து, ஒரு திருட்டால் ஆகும் மொத்தச் செலவு. பிரிட்டன் உள்துறை 2018இல் வெளியிட்ட அறிக்கை இதை மூன்றாகப் பிரிக்கிறது: குற்றத்துக்குப் பயந்து முன்கூட்டியே செய்வது (பூட்டு, அலாரம்), குற்றத்தால் இழப்பது (பொருள், சிகிச்சை, போன வேலைநாள், மன உளைச்சல்), பிறகு காவல்துறை, நீதிமன்றம், சிறைக்கு ஆவது. உளைச்சலுக்கு ரசீது கிடையாது என்று அதை விட்டுவிடுவோர் உண்டு. அடிதடி, கொலை போன்றவற்றில் உடலுக்கும் மனதுக்கும் நேரும் பாதிப்புதான் பெரும்பங்கு. அதை விட்டால் கணக்கே பொய்.

இனி ஓர் எடுத்துக்காட்டு. எண்கள் கற்பனை. ஒரு பகுதியில் ஆண்டுக்கு 50 திருட்டு. நல்ல பூட்டும் விளக்கும் போட்டபின் 30. உடனே ‘20 தடுத்தோம்’ என்று எழுதிவிடாதீர்கள். திட்டம் இல்லாத, அதே மாதிரியான இன்னொரு பகுதியில் 50 என்பது 45 ஆகியிருந்தால், உங்கள் பங்கு 15தான். பெரும்பாலும் திருட்டு உச்சத்தில் இருக்கும்போதுதான் திட்டமே தொடங்கும். உச்சம் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதனால் ஒப்பீட்டுப் பகுதி இல்லாத கணக்கை நம்ப வேண்டாம்.

ஒரு திருட்டுக்கு 1 லட்சம் என்றால் ஆண்டுப் பலன் 15 லட்சம். பூட்டும் விளக்கும் 5 ஆண்டு உழைக்கும், தள்ளுபடி விகிதம் (பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு ஆண்டுதோறும் குறைக்கும் அளவு) 3.5 சதவீதம் என்று வைத்தால் ஆண்டுப் பலனைப் பெருக்க வேண்டிய எண் 5 அல்ல, 4.515; இன்றைய மதிப்பு சுமார் 67.7 லட்சம். செலவு: தொடக்கத்தில் 20 லட்சம், பராமரிப்பு ஆண்டுக்கு 2 லட்சம் (அதையும் 4.515ஆல் பெருக்கினால் சுமார் 9 லட்சம்), ஆக சுமார் 29 லட்சம். போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் 2.33 ரூபாய் பலன். 20 தடுத்ததாக எழுதியிருந்தால் 3.11 என்று காட்டியிருக்கும்.

பக்கத்துத் தெருக்களையும் எண்ணுங்கள். திருடர்கள் அங்கே நகர்ந்திருந்தால் கழிக்க வேண்டும். சில சமயம் அங்கும் குறைந்திருக்கும்.

காவல்துறைச் சேமிப்பில் கவனம் தேவை. 15 திருட்டு குறைந்ததால் யாருடைய சம்பளமும் நிற்காது. மிச்சமாவது அவர்களின் நேரம். அதைக் கையில் வந்த பணமாகக் காட்டினால் நிதித்துறை முதல் கேள்வியிலேயே பிடித்துவிடும்.

பலன் எதிர்மறையாகவும் வரலாம். இளைஞர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய் மிரட்டும் அமெரிக்கத் திட்டங்கள் மலிவானவை; ஆய்வுகளில் அவர்களிடையே குற்றம் கூடியதே தெரிந்தது.

தரவு கைக்கு வரும்முன் செய்யக்கூடியது ஒன்று: செலவு திரும்ப எத்தனை திருட்டு குறைய வேண்டும் என்று பாருங்கள். மேலே உள்ள கணக்கில் ஆண்டுக்கு 7. அந்தப் பகுதியில் நடப்பதே 8தான் என்றால், பணத்தை வேறு இடத்தில் போடுங்கள்.